தேய்வது புஷ் மட்டுமா?

ஹற்றன் பக்கத்துத் தோட்டங்களில் ஜீப் ஓட்டுபவர்கள் 'புஷ்' என்ற சொல்லை நன்கறிவர். வில்லுத்தகட்டின் முனைகளில் இரும்போடு இரும்பு மோதாமல் அதிர்வை வாங்கிக்கொள்ளும் சிறு இறப்பர் உருளை அது. தேய்ந்துவிட்டால் குழிதோறும் 'டக், டக்' என்று இடிக்கும். வண்டி நேராக ஓடாது. டயரும் ஒருபக்கமாகத் தேயும்.

"சாமான் மட்டம், சேர்" என்கிறார்கள் கராஜில். நான் உடன்படமாட்டேன். குற்றவாளி இறப்பர் அல்ல, பாதை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தினது 33ஆம் பிரிவு, சபை நிதி தோட்டங்களுக்குள் செல்லத் தடையாக நின்றது. 1992இல் நிர்வாகத்தை ஏற்ற கம்பனிகளுக்கோ கொழுந்து தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் திருந்தியது, நான் போய்வரும் பாதைகள் திருந்தவில்லை.

துரையின் ஜீப்புக்குப் புதிய புஷ் போடலாம். இதே பாதைகளில் பிரசவ வலியோடு கொழுந்து லொறியில் குலுங்கிப் போன பெண்களின் முதுகெலும்புக்கு எந்தக் கடையில் மாற்றுப் பாகம் வாங்குவது? 2025 மே மாதம் தெரிவான சபைகளுக்கு இனிச் சட்டத்தைக் காட்டித் தப்ப வழியில்லை. முதலில் பாதையைப் போடுங்கள், ஐயா!