விதைக்கு முன் உழவு

மரவள்ளிக் கரணையை ஊன்றுமுன் நிலத்தைப் பண்படுத்த வேண்டும் என்று சேலம், நாமக்கல் குடியானவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. புற்றுநோயும் அந்த வித்தையை அறிந்திருக்கிறது!

விதைக்கேற்ற நிலத்தில்தான் அந்நோய் பரவி முளைக்கும் என்று 1889-ல் ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கில வைத்தியர் கூறினார். நிலத்தை உழுவது யார்? நோயுற்ற உயிரணுக்கள் வெளிவிடும் 'எக்ஸோஸோம்' என்னும் நுண்பைகளுக்கு அதில் பங்குண்டு. ரோமத்தின் பருமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கேயான அவை, இரத்தத்தோடு சென்று தூரத்து அவயவத்தைத் தயார் செய்கின்றன. அவை நுரையீரலை நாடுவதும் ஈரலை நாடுவதும் அவற்றின் மேலுள்ள புரதங்களைப் பொறுத்தது என்று 2015-ல் டேவிட் லைடன் குழுவினர் எலிகளிடம் கண்டனர்.

ஆகவே, மார்பிற் கட்டியையோ வாயில் ஆறாத புண்ணையோ நாணத்தால் மறைத்து நாளைக் கடத்தலாகாது. விதை ஊன்றுமுன் வைத்தியரிடம் விரைவோமாக!