பருவமும் நடப்புக் கணக்கும்

சித்தூர் மாம்பழக்கூழ் வணிகத்தின் பெரும் பணப்புழக்கம் வைகாசி முதல் ஆடி வரை. திருப்பதிக் கடைவீதிக்கோ புரட்டாசிப் பிரம்மோற்சவம். ஆயினும், உச்சக் காலத்திற்கெனத் தேர்ந்த உயர்வகை நடப்புக் கணக்கையே வணிகர் பலர் ஆண்டு முழுவதும் வைத்திருக்கின்றனர். நடப்புக் கணக்கிற்கு வட்டி இல்லை. சராசரி இருப்புக்காக முடங்கும் தொகை எதையும் ஈட்டுவதில்லை. இருப்புக் குறைந்தாலோ கட்டணமும், அதன்மேல் 18 விழுக்காடு சரக்கு-சேவை வரியும் சேரும்.

ஒரே வங்கிக்குள் வகை மாற்றுவது, கணக்கை முடித்துப் புதிதாகத் தொடங்குவதன்று. பொதுவாகக் கணக்கு எண் மாறாது; கிளையில் எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம். அதற்குமுன் ஓராண்டுக் கணக்கு விவரத்தை எடுத்து, உச்ச மாதங்களில் வரம்பை மீறிச் செலுத்தும் ரொக்கத்திற்கான கட்டணத்தையும், ஏனைய மாதங்களின் இருப்புக் குறைவுக் கட்டணத்தையும் ஒப்பிடுக. எது மிகுதியோ அதைத் தவிர்க்கும் வகையே உங்களுக்குரியது.

சேமிப்புக் கணக்கில் இருப்புக் குறைந்தால், கட்டணம் விதிக்கும்முன் அறிவிக்க வேண்டுமென்ற ரிசர்வ் வங்கி விதி 1-4-2015 முதல் நடைமுறையில் உள்ளது. நடப்புக் கணக்கு வணிகருக்கும் அதே மரியாதை உரியது என்பதே எங்கள் கருத்து. உயர்வகைக்கு அழைக்கும் வங்கியாளராகிய நாங்களே, தேவையெனில் கீழ்வகைக்கும் வழிகாட்ட வேண்டும்.