ஆட்டத்திற்கும் ஆட்டத்திற்கும் நடுவே

சனிக்கிழமை மாலைகளில் நம் விடுதியின் கடைசி அறையிலிருந்து எழும் கூச்சலைக் கேட்டு, "அங்கே சூதாட்டம் நடக்கிறதா?" என்று ஆசிரியர் ஒருவர் வினவினார். பகடை உருளும் ஓசை அவரை அப்படி எண்ண வைத்துவிட்டது. சூதாட்டம் அன்று, ஐயா, கதையாட்டம்.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்றொரு விளையாட்டை வெளியிட்டனர். முதலில் அச்சிட்டவை ஆயிரம் பிரதிகளே. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் இதைச் செய்கிறேன்" என்பார்கள். முடியுமா முடியாதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். எங்களுக்கு டிராகன் எதற்கு? நம் பழனி மலை இருக்கிறதே! கல்திட்டைகளும் சோலைக்காடுகளும் சூழ்ந்த பழங்கால மலைப்பாதை. அதில் ஓர் உப்பு வணிகர், ஒரு சித்த வைத்தியர், கூத்துக்காரர் ஒருவர், கணக்குப்பிள்ளை ஒருவர், வழிகாட்டியாகத் தேன் எடுப்பவர் ஒருவர். கதை நடத்துபவன் அடியேன்.

இரண்டு வாரத்திற்கு ஒரு முறைதான் கூடுகிறோம். இடைப்பட்ட நாட்களில் வாட்ஸ்அப் குழு. அந்தக் குழுவைப் பற்றியே எழுத வந்தேன்.

தேன் எடுப்பவராக ஆடும் நண்பன் மேல்மலையைச் சேர்ந்தவன். சென்ற பருவத்தில் பூண்டு அறுவடைக்காக ஊருக்குப் போனவன் பதினைந்து நாள் திரும்பவில்லை. மேகம் இறங்கிவிட்டால் அவன் ஊரில் செல்பேசி வெறும் கடிகாரந்தான். அவன் இல்லாத அந்நாட்களில் நாங்கள் சும்மா இருந்தோமா? முந்தைய ஆட்டம், கணவாய்ச் சுங்கக்காரர்கள் வழிமறித்த கட்டத்தில் நின்றிருந்தது. அடுத்து என்ன செய்வது என்று மூன்று இரவுகள் குழுவில் விவாதம் நடந்தது. முந்நூறு செய்திகளுக்கு மேல் இருக்கும். இறுதியில், தேன் எடுப்பவரைப் பிணையாக விட்டுவிட்டு உப்பு மூட்டைகளுடன் கடந்துபோவது என்று நால்வரும் முடிவு செய்தனர். நானும் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பி ஒப்புதல் தந்தேன். அந்தக் கட்டைவிரலுக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

அவன் பேருந்தில் கொடைக்கானலை நெருங்கியபோது அத்தனை செய்திகளும் ஒன்றாக வந்து விழுந்தனவாம். பெருமாள்மலை தாண்டிப் பழனிச் சாலையின் வளைவுகளில் இறங்கும் வரை படித்துக்கொண்டே வந்திருக்கிறான். சனிக்கிழமை எங்களோடு அமர்ந்தான், பகடையைத் தொடவில்லை. "அப்ப நான் எதுக்குடா வந்தேன்? எல்லாந்தான் முடிஞ்சுபோச்சே" என்றான்.

இதனால் குழுவே கூடாது என்று சொல்ல வரவில்லை. கூடும் நாளைக் குறிக்கவும், மருந்துப் பை யாரிடம் இருக்கிறது என்று நினைவூட்டவும் அதைவிட வசதி ஏது? மேலும், மேசையில் வாய் திறக்கவே கூச்சப்படும் முதலாமாண்டுத் தம்பி ஒருவன் எங்களுடன் ஆடுகிறான். அவன்தான் கூத்துக்காரர். தன் பாத்திரம் தாய்க்கு எழுதுவதாக ஒரு கடிதத்தை இரவு பதினொரு மணிக்குக் குழுவில் இட்டான். அதைப் படித்த பிறகே அந்தக் கூத்துக்காரர் எங்களுக்கு ஆளாகத் தெரிந்தார். குழு இல்லாவிட்டால் அந்தக் கடிதம் ஏது?

"உலகெங்கும் முகம் பாராமலே ஆடுகிறார்களே, நமக்கென்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. ஆடுகிறார்கள்தான். 1959இல் விற்பனைக்கு வந்த 'டிப்ளமசி' என்னும் எழுவர் விளையாட்டை 1963 முதல் அஞ்சலிலேயே ஆடியவர்கள் உண்டு. ஆட்டத்திற்கு இடையே எழுதும் கடிதங்கள்தாம் அதன் உயிர், உறவாடலாம், ஏமாற்றலாம். ஆனால் நகர்த்தல்களை எல்லோரும் குறித்த கெடுவுக்குள் நடுவருக்கு அனுப்ப வேண்டும். அவை ஒரே நேரத்தில்தான் வெளியாகும். கடிதம் போய்ச் சேரும் நாளைக் கணக்கிட்டே கெடு வைத்தார்கள். எங்கள் குழுவிலோ கெடுவும் இல்லை, நடுவரும் இல்லை. விழித்திருந்தவன் சொன்னதே தீர்ப்பு. இரண்டு நீலக்கோடு விழவில்லை என்றால், "அவனுக்கு அக்கறை இல்லை" என்று எண்ணிவிடுகிறோம். அக்கறைக்கும் செல்பேசிக் கோபுரத்திற்கும் என்ன சம்பந்தம்?

ஆகவே குழுவில் பேசலாம், ஏங்கலாம், கடிதம் எழுதலாம். எந்தப் பாத்திரத்தின் தலைவிதியையும் தீர்மானிக்கலாகாது என்பது என் கருத்து. ஆளில்லாத நேரத்தில் அவன் பாத்திரத்தைப் பற்றி முடிவெடுப்பது, அவன் இலையில் நாம் சாப்பிடுவது போன்றதே.

மூன்று இரவு முடிவை நான் ரத்து செய்தேன். உப்பு வணிகராக ஆடும் நண்பருக்கு இன்னும் கோபம் தீரவில்லை. "நடந்ததை நடக்கவில்லை என்றால் கதைக்கு என்ன மதிப்பு?" என்கிறார். அவர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் நடந்ததை நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதி வைக்கிறேன். ஊருக்குப் போகிறவன் அதை எடுத்துப்போகலாம். தன் பாத்திரம் என்ன எண்ணுகிறது என்பதை எழுதிக்கொண்டு வரலாம். தாளுக்குக் கோபுரம் வேண்டியதில்லை.

மறுபடி கணவாய்க்கு வந்தோம். இம்முறை தேன் எடுப்பவர் தாமே முன்வந்து, மற்றவர்கள் நழுவட்டும் என்று சுங்கக்காரர்களைப் பேச்சில் இழுத்தார். பகடையில் மூன்று விழுந்தது! பிடிபட்டுவிட்டார். வயிறு குலுங்கச் சிரித்தவன் அவன்தான். அவரை எப்படி மீட்பது என்று இன்னும் யாரும் முடிவு செய்யவில்லை. நோட்டு இப்போது மேல்மலையில், பூண்டுக் காட்டில் இருக்கிறது.