ஒற்றை விழுங்கும் குறிப்புகள்

நம் பத்திரிகைகளில் குறுக்கெழுத்துப் போட்டி என்றால் பரிசு கட்டங்களை நிரப்பியவருக்குத்தான். குறிப்பு எழுதுவதிலேயே போட்டி வைக்கலாம் என்ற எண்ணம் நமக்கு அதிகம் வந்ததில்லை. லண்டன் 'அப்சர்வர்' இதழில் ஸிமினீஸ் என்ற புனைபெயரில் புதிர் அமைத்த மக்நட், ஒரு சொல்லைக் கொடுத்து அதற்கு வாசகர்களையே குறிப்பு எழுதச் சொன்னார். 1972இல் அவர் இடத்துக்கு வந்த ஏஸெட்டும் அதைத் தொடர்ந்தார். அங்கே அளவுகோல் கடினம் அன்று, நேர்மை. குறிப்பின் ஒரு பகுதி விடையின் நேர்ப்பொருள். மறுபகுதி விடையைக் கட்டும் வழி. உபரியாக ஒரு சொல்லும் கூடாது. மேலோட்டமாகப் படிப்பவருக்கு மட்டும் முற்றிலும் வேறொரு காட்சி தெரிய வேண்டும்.

இது நமக்கு அந்நியச் சரக்கும் அன்று. எழுத்துகளை ஒவ்வொன்றாக நீக்கிப் புதுச்சொல் காணும் அக்கரச்சுதகத்தையும், ஒரு செய்யுளுக்குள் இன்னொன்றை ஒளிக்கும் கரந்துறைச் செய்யுளையும் தண்டியலங்காரம் சித்திரகவிகளில் சேர்த்திருக்கிறது. 'காமனின் துணைவிக்காகப் பாட்டை விட்ட பாரதி (2)' என்று எழுதினால் அது அக்கரச்சுதகத்தின் பேத்திதான். பாட்டு என்பது 'பா'. அது போனால் மிஞ்சுவது ரதி. கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட 'தென்றல்' இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்களைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு, தமிழ் இந்த விளையாட்டுக்கு எவ்வளவு இடம் தருகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இடம் தருகிறது, ஆனால் காவலும் வைத்திருக்கிறது. இரு சொற்களுக்கு நடுவே விடையை ஒளிப்பதை எடுத்துக்கொள்வோம். ட, ர, ல, ள, ற, ன போன்றவை தமிழில் மொழிமுதலாக வாரா. ஆகவே 'கடல்' என்ற சொல்லை முதலெழுத்துக்குப் பின் பிளந்து ஒளிக்க முடியாது. 'கவிதை'யை முடியும்: 'ஆழமாக விதைத்ததில் இருக்கிறது பாட்டு (3)'. இதே உற்சாகத்தில் ஒருவர் 'ஆழமாக படித்தவரிடம் ஒளிந்திருக்கும் விளையாட்டு (3)' என்று எழுதுகிறார் என்று கொள்வோம். விடை கபடி. ஆனால் 'ஆழமாகப் படித்தவர்' என்றல்லவா எழுத வேண்டும்? அந்த 'ப்' வந்து உட்கார்ந்தால் கபடி கலைந்துவிடும்.

இப்போதெல்லாம் யார் ஒற்று போடுகிறார்கள், செய்தித்தாள்களே விட்டுவிடுகின்றனவே என்று சிலர் கேட்கலாம். செய்தித்தாள் அவசரத்தில் விடுகிறது. இவரோ ஆதாயத்துக்காக விடுகிறார். நான் நடுவராக இருந்தால் இந்தக் குறிப்புக்கு மதிப்பெண் கிடையாது. விடை தெரிந்த பிறகும் வாசகர் ஏமாற்றப்பட்டதாக உணர்வார், தோற்றதாக உணரமாட்டார்.

பிறமொழிச் சொற்களிலோ நான் இவ்வளவு கறார் இல்லை. ஓசூரை அடுத்த கெலமங்கலத்தில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே கடைவாசலில் புழங்குகின்றன. அந்த ஊர்க்காரர் ஒருவர் 'பாவை'க்கு, 'கன்னடத்தில் வரச் சொல்லித் தமிழில் ஏசும் பெண் (2)' என்று குறிப்பு எழுதலாம். கன்னடத்தில் 'வா' என்பதற்கு 'பா', ஏசுவதற்கு 'வை'. கன்னடம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டதால் நாகர்கோவில்காரரும் புகார் சொல்ல முடியாது. அந்த 'பா' அழுத்தி ஒலிப்பதாயிற்றே என்றால், கட்டத்தில் நாம் எழுதுவது ஒலியை அன்று, எழுத்தை.

உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. 'ஏசும்' என்பதற்கு நிகர் 'வையும்', 'வை' அன்று. 'கன்னடத்தில் வரவும் தமிழில் திட்டவும் கட்டளையிடும் பெண்' என்று மாற்றினால் பா, வை இரண்டும் ஏவலாகிக் கணக்கு நேராகிவிடும். காட்சியில் இருந்த குறும்பு சற்றுக் குறைகிறது, உண்மைதான். இருந்தாலும் பரிசு இரண்டாவதற்குத்தான். முதலாவதை நான் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பேன்.