தவறினது ஆர்?

'உயரத்தில் இருந்து தவறி வீழ்ந்து இளைஞர் பலி.' இந்தத் தலைப்பை நாங்கள் எத்தனை தரம் வாசித்துக் கடந்திருப்பம்? கட்டடம், தொலைபேசிக் கோபுரம், மின்கம்பம் என்று இடம் மாறும். 'தவறி' என்ற சொல் மட்டும் மாறாது. தவறினது விழுந்தவர்தான் என்று அந்த ஒரு சொல்லே தீர்ப்பு எழுதிவிடுகிறது. ஏறச் சொன்னவர், நேரத்தைக் குறைத்தவர், பட்டி வாங்கிக் கொடுக்காதவர் ஒருத்தரும் அந்த வசனத்துக்குள் வருவதில்லை.

மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறந்த 'தம்பபவனி'யில் மட்டும் 30 காற்றாலைகள் நிற்கின்றன, மொத்தம் 103.5 மெகாவாட். காணி, பறவைகள், தேங்கும் வெள்ளம், கடற்றொழில் பற்றி மன்னார் மக்கள் கேட்கும் கேள்விகளோடு நாங்கள் நிற்கிறோம். ஆனால் காற்றாலை வேணும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் பெரிதாகக் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. நட்டுப் போல்ட் இறுக்க, கிறீஸ் பூச, பழுது பார்க்க மேலே ஏறுபவரின் உயிருக்கு ஆர் பொறுப்பு?

80 மீற்றர் உயரம் என்று வையுங்கோ. அங்கிருந்து விழும் ஒருவர் நிலத்துக்கு வர நாலு செக்கன்தான். காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், வரும் வேகம் மணிக்கு 140 கிலோமீற்றருக்கு மேல். 'கவனமா ஏறு தம்பி' என்று சொல்லிக் கைகழுவுகிற உயரமா இது?

'பெல்ற் போட்டால் சரிதானே?' என்று கேட்பார்கள். இல்லை. இடுப்புப் பெல்ற்றில் விழுந்தால் முதுகெலும்பும் உள்ளுறுப்பும் போகும். தோள், நெஞ்சு, தொடை எல்லாம் பிடிக்கிற முழுவுடல் பட்டி வேணும். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 2 மீற்றர் கயிறு, விழும்போது பிரிந்து நீளும் அதிர்ச்சி தாங்கி, ஆளின் உயரம், மிச்ச இடைவெளி எல்லாம் கூட்டினால், கொளுவின இடத்துக்குக் கீழே ஏறக்குறைய 6 மீற்றர் வெறும் வெளி வேணும். 3 மீற்றரில் இரும்புத் தளம் இருந்தால் பட்டி போட்டவரும் அதில் அடிபடுவார். ஒரு கொளுக்கியைக் கழற்றி மற்ற இடத்தில் மாட்டுகிற அந்த நொடிக்காகத்தான் இரண்டு கயிறு. ஒன்று எப்பவும் மாட்டியே இருக்க வேணும்.

பட்டி பிடித்துவிட்டாலும் கதை முடியாது. அசையாமல் தொங்கினால் கால்களில் இரத்தம் தேங்கி, நிமிடக் கணக்கில் உயிருக்கு ஆபத்து வரலாம். அம்புலன்ஸ் கோபுரத்தின் அடி வரைக்கும்தான் வரும். மேலேயே இருக்கிற, மீட்கப் பழகின இன்னொரு ஆள்தான் காப்பாற்ற முடியும். தனி ஆளை மேலே அனுப்புவதைக் குற்றம் என்று நாங்கள் சொல்லுறது அதனால்தான்.

2013 ஒக்ரோபர் 29 அன்று நெதர்லாந்தின் ஊல்ட்கென்ஸ்பிளாட்டில் ஒரு காற்றாலையைப் பராமரிக்க நாலு பேர் போனார்கள். மேலே தீப்பிடித்தது. இறங்கும் வழியைத் தீ மறித்தது. இரண்டு பேர் தப்பினார்கள், இரண்டு பேர் செத்தார்கள். செத்தவர்களுக்கு வயது 19, 21. எங்கட வயசுப் பெடியள். விழாமல் தடுப்பது என்றால் பட்டி மாத்திரமல்ல, மாற்று வழியால் இறங்கக் கயிறும் கருவியும் பயிற்சியும் மேலேயே இருக்க வேணும் என்பதும் அதற்குள் அடக்கம்.

காற்றாலைத் துறையின் அனைத்துலகப் பயிற்சித் தரப்படி உயரத்தில் வேலை செய்வதற்கான சான்றிதழ் 2 வருடங்களுக்குத்தான் செல்லும். பிறகு திரும்பப் பழக வேணும். அந்தச் செலவு ஆருடையது? கொம்பனியின் நிரந்தர ஊழியருக்குக் கிடைப்பது, துணைக் கொந்தராத்தில் வருகிற உள்ளூர்ப் பெடியனுக்கும் கிடைக்குமா?

காற்றையும் கணக்கில் எடுங்கோ. சோளகம் அடிக்கிற மாதங்கள்தான் மன்னாரில் மின்சாரம் அதிகம் வருகிற மாதங்கள். அந்த நேரம் ஒரு காற்றாலை நின்றால் ஒவ்வொரு மணித்தியாலமும் நட்டம். ஏறக் கூடாத காற்றும், 'கெதியா ஏறு' என்ற அவசரமும் ஒரே காலத்தில்தான் வரும். அப்போது 'நான் ஏறமாட்டன்' என்று சொல்பவரின் சம்பளத்தையும் வேலையையும் காப்பாற்றாத பாதுகாப்பு விதி சுவரில் ஒட்டின கடதாசிதான்.

'இங்க உதெல்லாம் நடக்குமோ?' என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். பனை ஏறின சீவல் தொழிலாளி விழுந்தபோது இந்தச் சமூகம் அதை விதி என்றது, அவரின் சாதித் தொழிலென்றது, பேசாமல் இருந்தது. அதே மௌனத்தைக் காற்றாலைக்கும் கொண்டுபோகப் போகிறோமா? தொழிலிடப் பாதுகாப்புக்கு இந்த நாட்டின் பிரதான சட்டம் இன்னமும் 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம்தான். அது எழுதப்பட்டபோது மன்னாரில் காற்றாலை இல்லை.

நாங்கள் கேட்பது இதுதான். துணைக் கொந்தராத்துத் தொழிலாளி உட்பட எல்லாருக்கும் கொம்பனிச் செலவில் பயிற்சி. மீட்புத் திட்டமும் இரண்டாவது ஆளும் இல்லாமல் ஒருத்தரும் ஏறக் கூடாது. ஏற மறுக்கும் உரிமை சட்டத்தில் எழுதப்பட வேணும். விழப்பார்த்துத் தப்பின சம்பவங்களும் பகிரங்கமாகப் பதியப்பட வேணும்.

பசுமை மின்சாரம் என்று சொல்லி ஒரு பெடியனின் உயிரை விலையாகக் கேட்டால், அதை நாங்கள் பசுமை என்று சொல்லமாட்டம். 'தவறி வீழ்ந்து' என்று எழுதுகிற ஊடக நண்பர்களே, அடுத்த முறை ஒரு கேள்வியாவது கேளுங்கோ: தவறினது ஆர்?