லத்திக்கு ஒரு கணக்கு, விளக்குக்கு ஒரு கணக்கா?



தங்கவயலில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "வரி கட்டுகிறோம். போலீஸ் ஜீப்பு வருகிறது, குப்பை வண்டி வருவதில்லை. நம்ம காசையெல்லாம் போலீசுக்கே கொட்டுகிறார்கள்" என்பதே அது. இந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கோபத்தின் குறி தவறிவிட்டால் பயன் யாருக்கு? நம்மை ஏய்ப்பவர்களுக்குத்தான். ஆகவே கணக்கைச் சரியாகத் தெரிந்துகொள்வோம்.

நாம் இராபர்ட்சன்பேட்டை நகரசபைக்குக் கட்டும் சொத்து வரியிலிருந்து போலீசுக்குச் சம்பளம் போவதில்லை. அரசியல் சட்டத்தின்படி காவல்துறை மாநில அரசின் பொறுப்பு. அதன் செலவு பெங்களூரில் சட்டசபை நிறைவேற்றும் பட்ஜெட்டில் இருந்து வருகிறது. அந்தப் பட்ஜெட்டிலும் நம் காசு இருக்கிறது. கடையில் சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் நாம் செலுத்தும் வரியில் ஒரு பங்கு அங்கே போய்ச் சேருகிறது. நகரசபையின் வேலை வேறு: குடிநீர், சாக்கடை, கழிப்பிடம், தெருவிளக்கு, குப்பை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே பல நகரங்களில் போலீசுக்கும் பூங்காவுக்கும் ஒரே நகரசபைப் பெட்டியிலிருந்துதான் பணம் போகிறது. 2020-இல் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத் தோழர் போலீஸ்காரரின் முழங்காலடியில் உயிர்விட்ட பிறகு, "எதற்கு எவ்வளவு?" என்ற கேள்வி தெருவுக்கு வந்தது. மறு ஆண்டு அந்நகர மக்கள் காவல்துறையை மாற்றி அமைப்பதா வேண்டாமா என்று வாக்களித்தார்கள். பெரும்பான்மையோர் வேண்டாம் என்றார்கள். முடிவு எப்படியிருந்தாலும் மக்களைக் கேட்டார்கள். நம்மை எவர் கேட்டார்கள்?

நம் ஊரில் போலீசின் கதை தங்கத்தின் கதையோடு பிறந்தது. 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி தோண்டிய தங்கத்துக்குக் காவல் வேண்டியிருந்தது. தோண்டியவர்களையே திருடர்களாகப் பார்த்த காவல் அது. 1930-இல் கைரேகை பதிக்க மறுத்து நம் பாட்டன்மார் வேலைநிறுத்தம் செய்தது அந்த அவமானத்தை எதிர்த்துத்தான். 1946 நவம்பர் 4-இல் போலீஸ் நடவடிக்கையில் பலியான ஆறு தொழிலாளர்களை நாம் இன்றும் நினைவு கூருகிறோம். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தபோதும் அது முதலில் சுரங்கத்துக்கும் துரைமார் பங்களாவுக்கும்தான் போயிற்று. லைன் வீடுகள் இருட்டில் கிடந்தன.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் போயிற்று, வேலை போயிற்று, கம்பெனி ஆஸ்பத்திரியும் போயிற்று. ஆனால் தங்கவயலுக்கென்று இருந்த தனிப் போலீஸ் மாவட்டம் மட்டும் அதன் பிறகும் நீடித்து வந்தது. காவல் காக்க வேண்டிய பொருள் போன பின்னும் காவல் நின்றது. காக்க வேண்டிய மக்களுக்கான ஆஸ்பத்திரிதான் நிற்கவில்லை!

நாம் போலீசே வேண்டாம் என்று சொல்லவில்லை. பெங்களூரில் வேலை முடித்து இரவு ரயிலில் மாரிக்குப்பம் வந்து இறங்கும் நம் பெண்களுக்குப் பாதுகாப்பு வேண்டும். ஆனால் அந்தப் பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். ஸ்டேஷனிலிருந்து லைன் வரைக்கும் எரிகிற விளக்கு வேண்டும் என்பாள். வீட்டுக்குப் பக்கத்தில் கதவுள்ள கக்கூஸ் வேண்டும் என்பாள். இருட்டில் வெளியே போகும் நிலை இல்லையென்றால் அவளுடைய பயத்தில் பாதி தீர்ந்துவிடும். ஆகவே தெருவிளக்கும் பாதுகாப்புச் செலவுதான்.

கம்பெனி நிலம் என்று நகரசபையும், நகரசபை வேலை என்று கம்பெனியும் கைகாட்டிய ஆண்டுகளில் லைன்களின் பொதுக் கக்கூஸ்கள் நாறின. மனிதர் மலத்தை மனிதர் அள்ளுவதை 1993-இலேயே சட்டம் தடை செய்தது. அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் தங்கவயலில் அந்தக் கொடுமை நடந்தது. அள்ளியவர்கள் யார்? நம் சகோதரர்கள். இந்த இழிவைத் துடைக்க எத்தனை ரூபாய் ஒதுக்கினார்கள் என்பதே நாம் கேட்க வேண்டிய கணக்கு.

கேட்க வழி இருக்கிறது. நகரசபை தன் சொந்த வருவாயில் 24.10 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் நலனுக்கும், 7.25 விழுக்காட்டை மற்ற ஏழைகளுக்கும் ஒதுக்க வேண்டும் என்பது கர்நாடக அரசின் விதி. சொத்து வரியின்மேல் நூலக வரி 6 விழுக்காடு வசூலாகிறது. அந்தக் காசுக்கு நம் பிள்ளைகள் படிக்கத் தமிழ்ப் புத்தகம் எத்தனை வந்தது? 2005-இன் தகவல் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கட்டி இதை எவரும் கேட்கலாம். பட்ஜெட் கன்னடத்தில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். நம் பிள்ளைகள் பள்ளியில் கன்னடம் படித்தவர்கள். அவர்கள் வாசிக்கட்டும், நாம் கேட்போம். கன்னடத் தோழர்களும் இதே சாக்கடையைத்தான் தாண்டிப் போகிறார்கள். அவர்களையும் சேர்த்துக்கொள்வோம்.

2024-இல் 13 சயனைடு மண்மேடுகளை ஏலம் விட மாநில மந்திரிசபை ஒப்புக்கொண்டது. அந்த மண்ணில் இன்னும் தங்கம் இருக்கிறதாம். அந்தத் தூசியைத் தலைமுறை தலைமுறையாகச் சுவாசித்தவர்கள் நாம். அதிலிருந்து வரும் வருமானத்தில் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு, குடிநீருக்கு எவ்வளவு என்று இப்போதே கேட்காவிட்டால், ஏலம் முடிந்த பிறகு மேட்டுக்குக் காவல் போட மட்டும் ஆள் வரும்.

ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் வரி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த சங்கக் கூட்டத்துக்குக் கையோடு கொண்டு வாருங்கள். வார்டு வார்டாகச் சேர்த்து, கட்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று எழுதுவோம். கட்டியவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. கேட்போம்!