சுமை வண்டியில் உயிரை ஏற்றலாமா?

மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்று வள்ளுவர் எச்சரித்தார். அவர் வண்டியை உவமையாக்கி, வலிமையின் எல்லையை அறியாத மனிதனைச் சுட்டினார். ஆனால், குறும்படம் எடுக்கப் புறப்படும் நம் இளைஞர் குழுக்களைக் காணும்போது, அவர் வண்டியைப் பற்றியே நேராகச் சொல்லியிருக்கக் கூடாதா என்று எண்ணத் தோன்றுகிறது.

நான் திரைக்கலையின் பகைவன் அல்லன். 2005-இல் 'செம்மண் சாலை' தோட்டப்புற வாழ்வைத் திரையில் தீட்டியது. 2015-இல் வந்த 'ஜகாட்' அடுத்த ஆண்டே மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்னும் சிறப்பைப் பெற்றது. இவற்றைக் கண்டு நெஞ்சு நிமிர்ந்தவர்களுள் நானும் ஒருவன். அந்த வழியில் நடக்க விழையும் இளைஞர்களிடம் பணம் இல்லை, துணிவு இருக்கிறது. வாடகைக்கு ஒரு படக்கருவி, இரவல் விளக்குகள், மாமாவின் பிக்கப் வண்டி! வார நாள்களில் காய்கறிக் கூடைகளைச் சுமக்கும் அவ்வண்டி, சனிக்கிழமை விடியலில் முக்காலிகளையும் மின்னாக்கியையும் மணல் மூட்டைகளையும் சுமக்கிறது. ஏழைக் கலைஞனுக்கு அதுவே கிடங்கு. அதுவே படப்பிடிப்பு நிலையம். அதனைப் போற்றுகிறேன்.

ஆனால், கருவிகள் ஏறிய பின் நடப்பதை என்னால் போற்ற முடியவில்லை. மின்னாக்கியின் மேல் ஒருவன் அமர்கிறான். சாய்ந்த முக்காலியைத் தாங்கியபடி ஒருவன் நிற்கிறான். பின்கதவைத் திறந்து கீழே தொங்கவிட்டு, அதன் விளிம்பில் கால்களை ஊன்றி, ஒரு கையால் கயிற்றையும் மறு கையால் படக்கருவியையும் பிடித்தபடி, பின்னால் வரும் மோட்டார் சைக்கிளை ஒருவன் படமெடுக்கிறான். என் வீட்டெதிரே உள்ள சாலையிலேயே இக்காட்சியைக் கண்டேன். குறுக்கே ஒரு நாய் ஓடியது. ஓட்டுநர் தடுப்பை மிதித்தார். முக்காலியைத் தாங்கி நின்ற பையன் தூக்கி எறியப்பட்டுத் தோளெலும்பு முறிந்து கிடந்தான். "நல்ல வேளை, கருவிக்கு ஒன்றும் ஆகவில்லை!" என்று அக்குழுவில் ஒருவர் சொன்ன சொல் இன்றும் என் செவியில் சுடுகிறது.

"மெதுவாகத்தானே போகிறோம்" என்பார்கள். மெதுவென்றால் எவ்வளவு? மணிக்கு 40 கிலோமீட்டர் என்று கொள்வோம். அவ்வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. வண்டி சட்டென நின்றால், அதனோடு பிணைக்கப்படாத உடல் நிற்பதில்லை. அதே வேகத்தில் முன்னோக்கிப் பாய்கிறது. அந்த வேகம், ஆறு மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து தரையில் விழுபவன் அடையும் வேகத்துக்குச் சமம். இரண்டு மாடி வீட்டின் கூரையிலிருந்து குதிக்கச் சொன்னால் குதிப்பீர்களா? 60 கிலோமீட்டர் என்றால் அந்த உயரம் 14 மீட்டரைத் தாண்டும். வேகம் ஒன்றரை மடங்கானால் அடி இரண்டேகால் மடங்காகிறது. இஃது எவராலும் மாற்ற முடியாத இயற்கை விதி. கலை ஆர்வத்துக்கு இயற்கை சலுகை காட்டுவதில்லை.

இந்த உண்மையை அறிய நமக்கு நூல் வேண்டுமா? தோட்டப்புறங்களில் நம் முன்னோர் லோரியின் பின்புறத்தில் நின்றபடி வேலைக்குப் போன காலம் ஒன்று இருந்தது. வேறு வழியின்றி அவ்வாறு போனார்கள். நம் அண்டை நாடான சிங்கப்பூரில் 2021 ஏப்ரல் 20 அன்று, தீவு விரைவுச்சாலையில் ஊழியர்களை ஏற்றிச் சென்ற லோரி, நின்றிருந்த டிப்பர் வண்டியில் மோதி, இருவர் உயிரிழந்தனர். மனிதரைச் சரக்கோடு சரக்காக ஏற்றலாமா என்னும் கேள்வி அங்கே நாடாளுமன்றம் வரை ஒலித்தது. அந்தத் தொழிலாளர்களின் துயரைப் படமாக்க வேண்டும் என்று முழங்கும் நம் இளைஞர்களே, அதே போன்றதொரு பின்புறத்தில் தாமே விரும்பி ஏறுவதை என்னென்பது! வறுமை ஏற்றியது முன்னோரை. உங்களை ஏற்றுவது எது?

"வசதி இல்லையே" என்பது அடுத்த விடை. 1992-இல் வெளிவந்த 'எல் மரியாச்சி' என்னும் படத்தை ராபர்ட் ரோட்ரிகஸ் ஏறத்தாழ 7,000 அமெரிக்க டாலர் செலவில் எடுத்தார். நகரும் காட்சிகளுக்கு அவர் பயன்படுத்தியது ஒரு சக்கர நாற்காலி! அதில் படக்கருவியோடு அமர்ந்தார். தள்ளுவதற்கு ஓர் ஆள் போதுமானதாக இருந்தது. ஓடும் வண்டிக்குள் நிகழும் உரையாடலா? வண்டியை இருளில் நிறுத்திவையுங்கள். ஒருவர் மெல்ல அசைக்கட்டும். மற்றொருவர் சன்னலுக்கு வெளியே விளக்கை ஏந்தி நடக்கட்டும். திரையில் வண்டி ஓடும். சாலையைத்தான் காட்ட வேண்டுமா? ஓட்டுநர் அறைக்குள் இருக்கை வாரை அணிந்து அமர்ந்து, கண்ணாடி வழியே எடுங்கள். குறைந்த பொருளில் நிறைந்த வழி காண்பதன்றோ கலை?

பிக்கப் வண்டியை வண்டியாக மதியுங்கள். கனமான மின்னாக்கியையும் மணல் மூட்டைகளையும் அடியில், ஓட்டுநர் அறையை ஒட்டி வையுங்கள். இலேசானவற்றை மேலே அடுக்குங்கள். 20 கிலோ எடையுள்ள பெட்டியும் கட்டப்படாவிட்டால் மோதலில் எறிகுண்டாகும். ஆகவே அனைத்தையும் வாரால் இறுகக் கட்டுங்கள். பிற்பகல் மழைக்குத் தார்ப்பாய் விரியுங்கள். கருவிகள் ஒரு நடையில் அடங்காவிட்டால் இரண்டு நடை போங்கள். ஆட்கள் அடங்காவிட்டால் மற்றொரு காரைக் கேளுங்கள். அரை மணி நேரம் வீணாகும், அவ்வளவுதான்.

இறுதியாக இயக்குநர்களுக்கு ஒரு சொல். 2014 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், இசைவு பெறாமல் இரயில் பாலத்தின்மேல் நடந்த 'மிட்நைட் ரைடர்' படப்பிடிப்பில் படப்பிடிப்பு உதவியாளர் சாரா ஜோன்ஸ் இரயில் மோதி மாண்டார். அப்படத்தின் இயக்குநர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். ஆம், படத்தின் புகழ் இயக்குநருக்கு உரியதென்றால் பழியும் அவருக்கே உரியது. "அவனாகத்தான் ஏறினான்" என்னும் சொல் ஒரு தாயின் முன் நில்லாது.

குறும்படப் போட்டி நடத்தும் நம் அமைப்புகளும் வாய்மூடி இருத்தல் தகாது. ஆளை ஓடும் வண்டியின் பின்புறத்தில் நிறுத்தி எடுத்த காட்சி எத்துணை அழகாயினும், அதற்குப் பரிசில்லை என்று விதி எழுதுங்கள். கைதட்டலை நிறுத்தினால் அந்த வழக்கம் தானே ஒழியும்.

படம் முடிந்ததும் திரையில் ஒரு நன்றிப் பட்டியல் ஓடும். வண்டி கொடுத்த மாமாவின் பெயர் அதில் வரட்டும். விளக்குப் பிடித்த தம்பியின் பெயரும் வரட்டும். அந்தத் தம்பி அரங்கில் அமர்ந்து தன் பெயரைத் தானே படித்து மகிழட்டும்.